இரத்தினபுரி எஹலேபொல வளவும் அதன் பூங்காவும்

சப்ரகமுவ மாகாணத்தின் தலைநகரான இரத்தினபுரியில் உள்ள பழைய பிரபு இல்லம் எஹலேபொல வளவு. கண்டி அரசின் கடைசி ஆண்டுகளில் சப்ரகமுவைக்குத் திசாவையாக, அதாவது மாகாண ஆளுநராக, இருந்த எஹலேபொல நிலமேயின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 1988 முதல் தேசிய நூதனசாலைத் திணைக்களத்தின் இரத்தினபுரி நூதனசாலை இங்கே இயங்கிவருகிறது. சுற்றியுள்ள வளாகம், இந்த மண்ணிலிருந்து அற்றுப்போன விலங்குகளின் உருவங்களை மரங்களுக்கிடையே நிறுத்தியிருக்கும் பூங்கா. கண்டி நகரிலும் இதே பெயரில் ஒரு வளவு உண்டு. மெழுகுச் சிலைகள் இருப்பது அங்கே, இது வேறு.

வீட்டைவிட அதன் பெயருக்கு உரியவரின் கதை பெரிது. 1773இல் பிறந்த எஹலேபொல, கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் முதல் அதிகாரமாக, அதாவது முதலமைச்சராக, உயர்ந்தவர். மன்னரின் இயற்பெயர் கண்ணுசாமி. 1739 முதல் கண்டியை ஆண்ட, தென்னிந்திய வழிவந்த நாயக்கர் குலத்தவர். 1798இல் அரியணை ஏறினார். இருவருக்கும் இடையே ஐயம் வளர்ந்தது. 1814இல் அரண்மனைக்கு வரும்படி அழைப்பு வந்தபோது எஹலேபொல போகவில்லை. சப்ரகமுவையிலேயே இருந்து கிளர்ச்சியைத் தூண்டினார். மன்னர் அவருடைய பதவிகளை மொல்லிகொட என்ற மற்றொரு பிரபுவுக்குக் கொடுத்துப் படையையும் அனுப்பினார். கிளர்ச்சி தோற்றது, எஹலேபொல ஆங்கிலேயரின் கொழும்புக்குத் தப்பினார்.

கண்டியில் பிணையாக இருந்த மனைவியும் பிள்ளைகளும் அந்த ஆண்டு மே மாதம் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகள் தலை துண்டிக்கப்பட்டார்கள், தாய் நீரில் மூழ்கடிக்கப்பட்டார் என்று சொல்லப்படுகிறது. அண்ணன் அஞ்சி நின்றபோது முன்னே வந்து கழுத்தை நீட்டியவன் என்று இளைய மகன் மத்தும பண்டாரவைச் சிங்களப் பிள்ளைகள் இன்றும் பள்ளியில் படிக்கிறார்கள். மன்னரின் கொடுமைகள் ஆங்கிலேயருக்குப் போர் தொடுக்க நல்ல காரணமாயின. ஆகவே அக்காலக் குறிப்புகளைப் படிக்கும்போது எழுதியவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். அதற்காக நடந்த கொலை நடக்காததாகிவிடாது.

1815 ஜனவரியில் ஆங்கிலேய ஆளுநர் பிரவுன்ரிக் போரை அறிவித்தார். பெரிய சண்டை எதுவுமின்றிக் கண்டி விழுந்தது. பிப்ரவரி 18 அன்று மன்னர் பிடிபட்டார். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. எஹலேபொல எதிர்பார்த்தது அரியணையை. கிடைத்ததோ ‘பிரித்தானிய அரசின் நண்பர்’ என்ற மரியாதை மட்டும். 1817இல் ஊவா வெல்லஸ்ஸயில் கிளர்ச்சி வெடித்தது. அதற்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல, எஹலேபொலவின் கொல்லப்பட்ட மனைவிக்குச் சகோதரர். அந்த உறவால் எழுந்த ஐயத்தில் 1818இல் எஹலேபொல கைதானார். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் நடக்காமலே கொழும்பில் காவலில் வைத்திருந்து, 1825இல் மொரீசியசுக்கு நாடு கடத்தினார்கள். 1829 ஏப்ரலில் அங்கேயே இறந்தார். பவுடர் மில்ஸ் என்னுமிடத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது; புகழ்பெற்ற பாம்பிள்மூஸ் தாவரவியல் பூங்கா அதற்குப் பக்கம்தான். மன்னர் 1832இல் வேலூரில் மாண்டார். பாலாற்றங்கரையில் அவர் குடும்பத்தாரின் சமாதிகளுள்ள இடம் முத்து மண்டபம் எனப்படுகிறது. ஒருவரையொருவர் வீழ்த்திய இருவருக்கும் சொந்த நாட்டில் ஆறடி நிலம் இல்லாமல் போயிற்று.

தமிழ் வாசகர் இங்கே கவனிக்க ஒன்று உண்டு. 1815 ஒப்பந்தம் மன்னரின் குலத்தை நீக்கியதோடு நிற்கவில்லை. ‘மலபார்’ என்று ஆங்கிலேயர் குறித்த அவருடைய ஆண் உறவினர்கள், அனுமதியின்றிக் கண்டி நாட்டுக்குள் நுழையவே கூடாது என்றும் விதித்தது. பத்தாண்டுக்குள் கம்பளைப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. அதே ஆங்கிலேய அரசின் காலத்தில், அதே கண்டி நாட்டுக்குள் தமிழகத்திலிருந்து கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் றப்பர், தேயிலைத் தோட்டத் தமிழரின் வரலாறு அந்த வரவின் தொடர்ச்சி. இந்த வளவின் கதையை ஒரு சிங்களப் பிரபுவின் சொந்தக் கதையாக மட்டும் பார்ப்பது போதாது என்பது இதனால்தான்.

வளவு என்பது கண்டிப் பிரபுக்களின் வீட்டு வகை. உயர்ந்த மேடை, தூண் வரிசையுள்ள விறாந்தை, தடித்த சுவர், ஓட்டுக் கூரை, நடுவே வானம் பார்த்த முற்றம் ஆகியவை அதன் பொது அடையாளங்கள். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கண்டவர்களுக்கு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும் அந்நியமாகத் தோன்றா. நிருவாகம், வழக்கு விசாரணை, வரி என எல்லாம் இத்தகைய வீடுகளின் முன் விறாந்தையில் நடந்த காலம் அது.

உள்ளே சப்ரகமுவையின் கலைப்பொருட்கள், நாணயங்கள், ஆயுதங்கள், வழிபாட்டுப் பொருட்கள் உள்ளன. எந்த மாகாண நூதனசாலையிலும் பார்க்கக் கூடியவைதான். இரத்தினபுரிக்கே உரியது வேறொன்று. இரத்தினக்கல் தேடுபவர்கள் குழி வெட்டி, மரச் சட்டம் கட்டி, சேறும் களியும் கடந்து, இல்லம் எனப்படும் சரளைப் படையை எட்டுவார்கள். அதை மேலே ஏற்றி, மூங்கில் கூடையில் நீர்விட்டு அலசுவார்கள். நீலமும் புஷ்பராகமும் கிடக்கும் அதே படையில் சில வேளை கறுத்துக் கல்லாகிவிட்ட பல்லும் எலும்பும் அகப்படும். குழிக்காரருக்குப் பயனில்லாத இந்தப் பொருட்களை விடாமல் சேகரித்து ஆராய்ந்தவர், 1939 முதல் 1963 வரை தேசிய நூதனசாலைகளின் இயக்குநராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. இன்று ஆப்பிரிக்காவில் மட்டும் வாழும் நீர்யானைக்கும், இலங்கையில் ஒன்றுகூட இல்லாத காண்டாமிருகத்துக்கும் சப்ரகமுவையில் உறவினங்கள் இருந்ததை இந்தப் புதைபடிமங்கள் காட்டின. குருவிட்டைப் பக்கம் கிடைத்த இரண்டு பற்களை வைத்து, இலங்கைச் சிங்கம் ஒன்று இருந்தது என்று 1939இல் அவர் பெயரிட்டார். சான்று மிகச் சிறியது. சிங்கத்தைக் கொடியிலும் கதையிலும் வைத்திருக்கும் நாட்டில் அதற்குக் கிடைத்த கவனம் பெரியது. காட்டெருதின் கதை இன்னும் உறுதியானது. 1660 முதல் 1679 வரை கண்டி அரசில் சிறையிருந்த ராபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் அந்த விலங்கைக் குறிப்பிட்டிருக்கிறார். அதன் பிறகு அது தீவிலிருந்து மறைந்துவிட்டது.

பூங்காவில் நிற்கும் உருவங்கள் இந்தப் புதைபடிமங்களைக் கொண்டு கற்பனை செய்யப்பட்டவை. தோலின் நிறத்தையும் மயிரையும் பல் சொல்லாது. அவற்றைச் சிற்பியின் ஊகமாகவே கொள்ள வேண்டும். ஆனாலும் பிள்ளைகளோடு போகிறவர்கள் முதலில் பூங்காவைச் சுற்றிவிட்டு, பிறகு உள்ளே எலும்புகளைப் பார்ப்பதுதான் நல்லது. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உடைந்த பல் அப்போதுதான் அவர்களுக்கு விலங்காகத் தெரியும்.

மனிதத் தடயங்களும் இப்பகுதியில் குறைவில்லை. குருவிட்டைக்கு அருகே உள்ள படதொம்பலெனக் குகையில் 30,000 ஆண்டுகளை ஒட்டிய மனித எலும்புகளும் நுண்கற்கருவிகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மழைக்காட்டுக்குள் மனிதர் அவ்வளவு முன்பே வாழ்ந்தார்கள் என்பதற்குத் தென்னாசியாவில் கிடைத்த முக்கியமான சான்றுகளில் இது ஒன்று.

இரத்தினபுரி நாட்டிலேயே மழை மிகுந்த நகரங்களுள் ஒன்று. களு கங்கை பெருகினால் தாழ்ந்த தெருக்கள் மூழ்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலம் ஓரளவு வெயிலானது. நூதனசாலைக்கு வருகிறவர்கள் பார்க்கத்தக்க இன்னோர் இடம், நகருக்கு வெளியே இருக்கும் மகா சமன் தேவாலயம். போர்த்துக்கேய வீரன் ஒருவன் சிங்கள வீரனை வீழ்த்துவதைக் காட்டும் கல் அங்கே உண்டு.

கரவனெல்ல, தெஹியோவிட்ட, யட்டியாந்தோட்டைப் பக்கங்களிலிருந்து வருகிறவர்கள் அவிசாவளைக்கு இறங்கி, அங்கிருந்து எஹெலியகொட, குருவிட்டை வழியாக இரத்தினபுரிக்குப் போகலாம். ஒரு காலத்தில் இரு பக்கத்தையும் களனிவெளிக் குறுகிய ரயில்பாதை இணைத்தது. யட்டியாந்தோட்டைக்கு 1903இலும் இரத்தினபுரிக்கு 1912இலும் ரயில் வந்தது. யட்டியாந்தோட்டைக் கிளை 1942இல் மூடப்பட்டது. இரத்தினபுரிப் பகுதி 1970களில் நின்றது. இப்போது ரயில் அவிசாவளையோடு முடிகிறது. அங்கிருந்து இரு பக்கத்துக்கும் பஸ்தான்.