பொஸ்ரன் கேட்ட போதகர்களும் யாழ்ப்பாணம் எடுத்த ஆங்கிலமும்

வட்டுக்கோட்டை என்றதும் நம்மில் பலருக்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானம்தான் நினைவுக்கு வரும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த ஊரில் வேறொரு தீர்மானம் செயலுக்கு வந்திருந்தது. தமிழ்ப் பிள்ளைகளை எடுத்துப் படிப்பித்து, அவர்களையே தங்கள் மக்களுக்குப் போதகர்களாகவும் சபைத் தலைவர்களாகவும் ஆக்குவது என்பதே அது. 1823இல் அமெரிக்க மிஷன் அங்கே தொடங்கிய குருமடம் 32 ஆண்டுகள் நடந்தது. அது தன் நோக்கத்தில் தோற்றது, மற்ற எல்லாவற்றிலும் வென்றது என்று நம்மவர்கள் பெருமையோடு எழுதுவது வழக்கம். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தோல்வியை இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பொஸ்ரனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கம் 1816இல் யாழ்ப்பாணத்தில் காலூன்றியது. முதலில் வந்த போதகர்கள் நால்வர். டானியல் பூர் தெல்லிப்பழையில் இருந்தார், பெஞ்சமின் மெய்க்ஸ் வட்டுக்கோட்டையில் இருந்தார். மற்ற இருவரான எட்வேர்ட் வாறனும் ஜேம்ஸ் றிச்சர்ட்ஸும் 1822 முடிவதற்குள் நோயால் இறந்துவிட்டார்கள். கப்பல் கப்பலாக அமெரிக்கர்களைக் கொண்டுவந்து ஒரு நாட்டில் சபை கட்ட முடியாது என்பதை இந்த மரணங்களே சொல்லிவிட்டன. உள்ளூரில் இருந்தே தலைவர்கள் எழ வேண்டும். அதற்கு ஒரு கல்விக்கூடம் வேண்டும்.

டானியல் பூரின் தலைமையில் எழுந்த அந்தக் கூடத்தில் வேதாகமம் மட்டும் கற்பிக்கப்படவில்லை. இயூக்கிளிட்டின் கேத்திரகணிதம், அட்சரகணிதம், வானியல், தர்க்கம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியமும் சமஸ்கிருதமும் இருந்தன. ஒரு போதகர் தன் ஊரின் படித்தவர்கள் முன்னால் நின்று வாதாட வேண்டுமானால் அவர்களுடைய நூல்களை அவர்களைவிடத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும் என்பது பூரின் கணக்கு. 1829இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை ஒட்டி, அராலியைச் சேர்ந்த பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்போடு மேனாட்டுக் கணிப்பை ஒப்பிட்டுக் காட்டியதும் அதே நோக்கத்தில்தான். வானியலும் அங்கே பிரசங்கத்துக்கான ஆயத்தமாகவே இருந்தது.

பூருக்குப் பின் தலைமை ஏற்ற ஹென்றி கொய்சிங்ரன் இன்னும் ஒரு படி மேலே போனார். சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்காவில் வெளியிட்டார். சைவத்தை எதிர்க்க வந்தவர் சைவ சித்தாந்தத்தின் தொடக்ககால ஆங்கில மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவராகப் போனது இந்த வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

பிள்ளைகள் பக்கம் இருந்து பார்த்தால் கதை வேறு. மிஷன் விடுதிப் பள்ளிகளில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவில் ஒரு கொடையாளி ஏற்றுக்கொண்டால், அவர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்குச் சூட்டலாம். அதனால்தான் நம் இலக்கிய வரலாற்றில் ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் உலவுகிறார்கள். பெயரைக் கொடுத்த பெற்றோர் சாதி ஆசாரத்தை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. மிஷன் வளவுக்குள் சமைத்ததைப் பிள்ளைகள் உண்ண மறுத்ததால், தொடக்க காலத்தில் பக்கத்துச் சைவர் ஒருவரின் காணியில் சமையல் நடந்தது. பேரம் இரண்டு பக்கமும் நடந்தது என்பதற்கு அந்த அடுக்களை ஒன்றே போதும். உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர் என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். யாருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

1833இல் கோல்புறூக் சீர்திருத்தங்கள் வந்தன. ஆங்கிலம் தெரிந்த இலங்கையருக்கு அரசாங்க உத்தியோகம் கிட்டும் நிலை உருவானது. அதன்பின் குருமடத்துக்கு வந்த பிள்ளையின் தகப்பன் மனதில் பிரசங்க மேடையைவிடக் கச்சேரி மேசையே முன்னால் நின்றது. நில அளவை, நீதிமன்றம், பத்திரிகை, ஆசிரியத் தொழில் என்று மாணவர்கள் இலங்கையிலும் இந்தியாவிலும் பரவினார்கள். இங்கு கற்ற ஹென்றி மார்ட்டினும் சேத் பேய்சனும் 1841இல் ‘உதயதாரகை’யின் ஆசிரியர்களானார்கள். குடியேற்றச் செயலாளர் எமர்சன் ரெனன்ற் இந்தக் கூடத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்.

பொஸ்ரன் அந்தப் புகழில் மயங்கவில்லை. சங்கத்தின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் 1855இல் நேரில் வந்தார். அவருடைய கேள்வி எளிமையானது: போதகர்கள் எங்கே? ஆங்கிலத்தில் நீண்ட காலம் படித்தவன் கிராமத்துச் சபை கொடுக்கக்கூடிய சிறு சம்பளத்தில் நிற்க மாட்டான், நின்றாலும் அவன் பேச்சும் வாழ்க்கையும் அந்த மக்களிடமிருந்து விலகிப் போயிருக்கும் என்று அவர் கருதினார். சபை தன்னைத் தானே நடத்தி, தானே தாங்கி, தானே பரவ வேண்டும் என்பது அவரது கோட்பாடு. அதற்குத் தமிழிலேயே பயின்ற போதகர்கள் வேண்டும். அந்த ஆண்டே குருமடம் மூடப்பட்டது.

நான் கணினித் துறையில் ஆலோசகராக இருக்கிறேன். காசு கொடுப்பவர் ஒன்றைக் கேட்பார், பயன்படுத்துபவர் அதை வேறொன்றுக்குப் பயன்படுத்துவார். திட்டம் வென்றதா என்பது யாரிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. மேற்படிப்புக்கு வெளிநாடு போன என் தலைமுறைக்கு அந்தத் தகப்பன்மாரின் கணக்கும் நன்றாகவே விளங்கும். ஆனாலும் அன்டர்சனை வெறும் குறுகிய மனக்காரர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. தலைவனுக்கான பயிற்சி அவனை அவன் மக்களிடமிருந்து பிரித்துவிட்டால் அது யாருக்கான பயிற்சி என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் தவறிய இடம் வேறு. தங்கள் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தார் முன்பே முடிவு செய்திருந்தார்கள். அவர்களிடம் அவர் கற்றுக்கொள்ள முயன்றிருந்தால் கதவைச் சாத்த வேண்டி வந்திராது.

அவர் போன பிறகு நடந்தவை அதைத்தான் காட்டுகின்றன. 1857இல் உருவான சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த இருவர், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், மூடப்பட்ட அந்தக் குருமடத்தின் மாணவர்கள். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஆங்கிலக் கல்வியை மீண்டும் கேட்டு நின்ற உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் முயற்சியில் 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. மறுபுறம், தமிழில் பயின்ற உள்ளூர்ப் போதகர்களின் கையில் சபைகளும் மெல்ல மெல்ல வந்தன. எனவே அன்டர்சன் கேட்டதும் கிடைத்தது, பெற்றோர் கேட்டதும் கிடைத்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைத்திருக்கும் பொறுமை மட்டும்தான் 1855இல் இல்லாமல் போனது.

புலம்பெயர்ந்த நாடுகளில் அதே கேள்வி இன்று தலைகீழாக நிற்கிறது. அன்று ஆங்கிலம் போதகரை ஊரிடமிருந்து பிரிக்கும் என்று பயந்தார்கள். இன்று தமிழில் மட்டும் பேசும் போதகரின் பிரசங்கம் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கு எட்டுவதில்லை. ஆங்கிலத்தில் மட்டும் பேசுபவரிடம் முன்வரிசை அம்மம்மாக்கள் தங்கள் துக்கத்தைச் சொல்ல முடியாது. கோயில்களுக்கும் தமிழ்ப் பள்ளிகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் இதே நெருக்கடிதான். அடுத்த தலைவர்களை ஆயத்தம் செய்யும்போது எந்த மொழியில் என்று மட்டும் நாம் கேட்கிறோம். யாரோடு சேர்ந்து வாழ்வதற்கு என்று கேட்டால், இரண்டு மொழியும் தேவைப்படும் என்ற பதில் தானாக வரும். அடுத்த வீட்டுக் காணியில் அடுக்களை வைத்தாவது பிள்ளைகளைப் படிப்பித்தவர்களுக்கு அந்த இணக்கம் தெரிந்திருந்தது.