மானசி ஜோஷி

மானசி ஜோஷி இந்திய இறகுப்பந்தாட்ட வீராங்கனை ஆவார். மென்பொருள் பொறியாளரான இவர், 2011ஆம் ஆண்டு மும்பையில் நேர்ந்த சாலை விபத்தில் இடது காலை இழந்தார். பின்னர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, கால் குறைபாட்டுடன் நின்று ஆடுவோருக்கான எஸ்எல்3 பிரிவில் விளையாடினார். 2019இல் பாசெல் நகரில் நடந்த இறுதியாட்டத்தில் பாருல் பார்மரை 21–12, 21–7 என வென்று உலகச் சாம்பியன் ஆனார்.

பாராலிம்பிக்கில் டென்னிஸ் சக்கர நாற்காலியில் மட்டுமே ஆடப்படுகிறது. இறகுப்பந்தாட்டத்திலோ நின்று ஆடும் பிரிவுகளும் உண்டு. ஆயினும் 2021இல் டோக்கியோவில் அது அறிமுகமானபோது, பெண்கள் எஸ்எல்3 ஒற்றையர் பிரிவு சேர்க்கப்படவில்லை. உலகச் சாம்பியனாக இருந்தும் மானசிக்கு ஒற்றையர் ஆட்டத்தில் இடமில்லாமல் போனது.

2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசனுடன் இணைந்து இரட்டையர் வெள்ளி வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் எஸ்எல்3 ஒற்றையர் பிரிவு சேர்க்கப்பட்டது. மானசியும் அதில் விளையாடினார்.