வடிகட்டி என்னும் பெயரும் அது மறைத்த வேலையும்: மீன்தொட்டியின் அறிவியல் வரலாற்றிலிருந்து ஒரு பக்கம்

ஒரு கருவிக்கு இடப்படும் பெயர், அக்கருவியைப் பற்றிய புரிதலை நெடுங்காலம் திசைமாற்றிவிடக்கூடும். வீட்டு மீன்தொட்டியில் பொருத்தப்படும் வடிகட்டி இதற்கு நல்ல சான்று. வடிகட்டி என்றதும் அழுக்கைத் தடுத்து நிறுத்தித் தெளிந்த நீரை வெளிவிடும் சல்லடை ஒன்றே மனத்தில் தோன்றுகிறது. சல்லடையில் அழுக்குச் சேர்ந்தால் அதனைத் தேய்த்துக் கழுவுவதே முறை என்ற எண்ணமும் உடன் வருகிறது. ஆயினும் சிறு தொட்டிகளில் மீன்கள் கூட்டமாக மடிவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று, இவ்வாறு பளிச்சென்று கழுவப்பட்ட வடிகட்டிதான். இம்முரண்பாட்டின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு வேதியியலாளர்களின் ஆய்வுகளுக்கு இடையே விழுந்த இடைவெளியில் இருக்கிறது.

லண்டனில் மருந்தாளர் சங்கத்தின் வேதியியலாளராகப் பணியாற்றியவர் ராபர்ட் வாரிங்டன் (1807–1867). லண்டன் வேதியியல் கழகத்தின் தோற்றத்துக்கும் இவரே முன்னின்றார். 1849-இல் ஒரு கண்ணாடிக் கலத்தில் நீர் நிரப்பி, இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்னேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் இட்டு அவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். சில நாள்களில் தாவரத்தின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகும் பொருளை உண்ணும் குளத்து நத்தைகளைச் சேர்த்தபின் நீர் தெளிந்தது. மீன் வெளிவிடும் கரியமில வாயுவைத் தாவரம் எடுத்துக்கொள்கிறது. தாவரம் வெளிவிடும் ஆக்சிஜனை மீன் சுவாசிக்கிறது. கழிவை நத்தை அகற்றுகிறது. 1850-இல் அவர் வேதியியல் கழகத்தின் முன் வைத்த விளக்கம் இதுவே. தாவரம், விலங்கு என்னும் இரு உலகங்களுக்கு இடையிலான ‘சமநிலை’ என்ற கருத்து இவ்வாறு மீன்தொட்டியின் அடிப்படைக் கோட்பாடாயிற்று.

காலமும் அக்கருத்துக்குச் சாதகமாக இருந்தது. கண்ணாடி மீதான வரி 1845-இல் நீக்கப்பட்டதால் கண்ணாடிக் கலங்கள் மலிந்தன. 1853-இல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு வெளியான ஃபிலிப் ஹென்றி காஸின் நூல் ‘அக்வேரியம்’ என்ற சொல்லைப் பரவலாக்கியது. நடுத்தர வர்க்க வீடுகளின் வரவேற்பறைகளில் மீன்தொட்டிகள் நிறைந்தன. ஆனால் சமநிலை என்பது ஏட்டில் இருந்த அளவுக்குத் தொட்டியில் நிலைக்கவில்லை. மீன்கள் இறந்தன, நீர் நாறியது, 1860-களில் ஆர்வமும் வடிந்தது. வாரிங்டனின் கணக்கில் ஆக்சிஜனும் கரியமில வாயுவும் இருந்தன. மீனின் செவுள் வழியே இடையறாது வெளியேறும் அம்மோனியாவுக்கு அதில் உரிய இடம் இல்லை. நீர்த்தாவரங்கள் அம்மோனியாவை ஓரளவு உறிஞ்சுகின்றன என்பது உண்மை. எனவே மீன் குறைவாகவும் தாவரம் மிகுதியாகவும் இருந்த கலங்கள் பிழைத்தன, மற்றவை பிழைக்கவில்லை.

நடைமுறையில் இச்சிக்கலுக்கு விடை கண்டவர்களுள் முதன்மையானவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்டு. லண்டனில் மீன்தொட்டிக் கடை நடத்திய அவர், 1864-இல் ஹாம்பர்க் நகரிலும் 1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸிலும் அமைந்த பெரிய காட்சியகங்களுக்கு நீர்ச் சுழற்சி முறையை வகுத்தார். காட்சித் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய, வெளிச்சம் புகாத நீர்த்தேக்கம் ஒன்று கீழே இருக்கும். பம்புகள் இரவும் பகலும் நீரை மேலேற்றும். அது தொட்டிகள் வழியே மீண்டும் தேக்கத்துக்கு வந்து சேரும். நீர் காற்றோடு இடையறாது கலந்தால் கழிவு ஆக்சிஜனேற்றம் அடைந்து அழியும் என்பது லாய்டின் கருத்து. விளைவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. அந்த ஆக்சிஜனேற்றத்தைச் செய்பவை தேக்கத்தின் சுவர்களிலும் கற்களிலும் படிந்திருந்த உயிர்கள் என்பதை அறியும் வழி அவருக்கு அன்று இல்லை.

அந்த வழி திறந்தது மீன்தொட்டியில் அன்று, சாக்கடை நீரில். நகரக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் முறைகளைத் தேடிய பிரெஞ்சு வேதியியலாளர்களான தியோஃபில் ஷ்லோசிங்கும் அஷில் முன்ட்ஸும் 1877-இல் தம் சோதனையை வெளியிட்டனர். மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய நீண்ட குழாயில் கழிவுநீரை மெல்லக் கசியவிட்டனர். ஏறத்தாழ இருபது நாள்கள் எந்த மாற்றமும் இல்லை. அம்மோனியா அப்படியே வெளிவந்தது. அதன்பின் நைட்ரேட் தோன்றியது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றது. பின்னர் சிறிது மண் கலந்த நீரைச் சேர்த்ததும் மீண்டும் தொடங்கியது. வெறும் வேதிவினையாயின் இருபது நாள் காத்திருக்கத் தேவையில்லை, மயக்கமருந்துக்கு அடங்கவும் தேவையில்லை. வேலை செய்வது உயிர் என்ற முடிவுக்கே அவர்கள் வர நேர்ந்தது. சரளையும் மணலும் நிரம்பி, அவற்றினூடே கழிவு கலந்த நீர் மெல்ல நகர்ந்த அக்குழாயை இன்றைய மீன்தொட்டி வடிகட்டியின் முன்மாதிரி எனலாம். அதனை அவ்வாறு எவரும் அன்று காணவில்லை.

இங்குதான் வரலாறு ஒரு விந்தையைக் காட்டுகிறது. பிரெஞ்சு ஆய்வைக் கையிலெடுத்து இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் தொடர்ந்தவர் இன்னொரு ராபர்ட் வாரிங்டன் (1838–1907). தங்கமீன் சோதனை செய்த வாரிங்டனின் மகன். பல ஆண்டு உழைப்பில் அவர் நைட்ரேட்டாக்கம் இரு படிகளில் நிகழ்கிறது என்பதை நிறுவினார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், நைட்ரைட் பின்னர் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. இரு படிகளையும் வெவ்வேறு உயிர்கள் செய்கின்றன. அவ்வுயிர்களைத் தனித்துப் பிரித்துக் காட்டும் பெருமை 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செர்கேய் வினோகிராட்ஸ்கிக்குச் சென்றது. தந்தையின் கண்ணாடிக் கலத்தில் விடுபட்டுப்போன விடை மகனின் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. ஆனால் மகன் ஆராய்ந்தது வயல் மண்ணை, பயிருக்கு உரமாகும் நைட்ரேட்டை. மீன்தொட்டி அப்போது பொழுதுபோக்காகச் சுருங்கியிருந்தது. மண்ணியலும் சுகாதாரப் பொறியியலும் பெற்ற அறிவு அப்பொழுதுபோக்குக்குள் இறங்கிவரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

அந்த இடைக்காலத்தில் ‘வடிகட்டி’ என்ற சொல்லே ஆட்சி செய்தது. தேம்ஸ் நதியின் நீரை வடிகட்டியே வீடுகளுக்கு வழங்க வேண்டும் என்று 1852-ஆம் ஆண்டின் லண்டன் குடிநீர்ச் சட்டம் விதித்தது முதல், தெளிவே தூய்மையின் அளவுகோலாகப் பொதுமனத்தில் பதிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வீட்டுத் தொட்டிகளுக்கு வந்த சிறு வடிகட்டிகள் பஞ்சையும் கரியையும் கொண்டு நீரைத் தெளிவாக்கின. தெளிந்த நீரில் கரைந்திருந்த அம்மோனியாவைக் கண்ணால் காண இயலாது. 1950-களில் பரவிய சரளை அடி வடிகட்டி, தொட்டியின் தரையில் பரப்பிய சரளையினூடே நீரை இழுத்தது. அது நன்கு வேலை செய்தது; ஏன் செய்தது என்பது மெல்லத்தான் தெளிவாயிற்று. 1958-இல் ஜப்பானிய ஆய்வாளர் சயேகி, மூடிய சுழற்சித் தொட்டியில் மீனின் கழிவளவுக்கும் வடிகட்டியின் கொள்திறனுக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டார். 1970-இல் வெளியான ஸ்டீஃபன் ஸ்பாட்டின் நூல் நைட்ரஜன் சுழற்சியை மீன்வளர்ப்போரின் பொது அறிவாக்கியது. வாரிங்டனின் 1850-ஆம் ஆண்டு உரைக்கும் இந்நூலுக்கும் இடையே 120 ஆண்டுகள்.

கதை அத்துடன் முடியவில்லை. வயல் மண்ணிலும் கழிவுநீரிலும் அறியப்பட்ட நுண்ணுயிர்களே தொட்டியிலும் உள்ளன என்று பாடநூல்கள் எழுதிவந்தன. 1998-இல் ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளின் வடிகட்டிகளை ஆராய்ந்து, நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று காட்டினர். 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பெரும்பாலான நன்னீர்த் தொட்டிகளில் அம்மோனியாவை மாற்றும் உயிர்களுள் ஆர்க்கியாக்களே மிகுதி என்றது. 2015-இல் இன்னும் பெரிய திருப்பம் நேர்ந்தது. இரு படிகளையும் ஒரே உயிர் செய்யக்கூடும் என்பதை இரு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. அவற்றுள் நெதர்லாந்துக் குழுவுக்கு அவ்வுயிர் கிடைத்த இடம் மீன்வளர்ப்பு நிலையம் ஒன்றின் வடிகட்டி. இளைய வாரிங்டன் வகுத்த இருபடி விதிக்கான விலக்கு, தந்தையார் தொடங்கிவைத்த துறைக்குள்ளிருந்தே வெளிப்பட்டது.

இவ்வரலாறு இன்றைய சிறு தொட்டிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. வடிகட்டி என்பது நுண்ணுயிர்களின் குடியிருப்பு என்று கொண்டால் தேர்வின் அளவுகோலே மாறிவிடும். நீரை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது என்பதைவிட, உயிர்கள் படிவதற்கு எவ்வளவு பரப்பு உள்ளது, அப்பரப்புக்கு ஆக்சிஜன் தடையின்றிச் செல்கிறதா என்பனவே முதன்மை பெறுகின்றன. ஏர் பம்பில் இயங்கும் எளிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இருபது, முப்பது லிட்டர் தொட்டிகளில் விலைமிக்க கருவிகளுக்கு ஈடுகொடுப்பது இதனால்தான். அதன் நுண்துளைகள் பெரும் பரப்பைத் தருகின்றன. மென்மையான ஓட்டம் சிறு மீன்களை அலைக்கழிப்பதில்லை.

பராமரிப்பும் அவ்வாறே மாறும். இந்திய நகரங்களில் குழாய்நீர் குளோரின் கலந்து வருகிறது. நோய்க்கிருமியைக் கொல்லக் கலந்த குளோரின் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் உயிர்களையும் கொல்லும். ஷ்லோசிங்கின் குழாயில் குளோரோஃபார்ம் செய்ததை வீட்டுக் குழாயடியில் குளோரின் செய்கிறது. எனவே நீர் மாற்றும்போது தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே ஸ்பாஞ்சை மெல்லப் பிழிந்து, அடைப்பை மட்டும் நீக்குதல் போதுமானது. இரண்டு ஸ்பாஞ்சுகள் இருப்பின் ஒன்றை இவ்வாரமும் மற்றதைச் சில வாரங்கள் கழித்தும் பிழியலாம். பொதியாக வரும் வடிகட்டி உறைகளை மாதந்தோறும் எறிந்து புதிது பொருத்துவது, வளர்ந்த குடியிருப்பை அப்படியே வெளியேற்றுவதாகும். புதிய தொட்டி முதிர்ச்சி பெற மூன்று முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். நைட்ரேட்டாக்கும் உயிர்கள் மிக மெதுவாகவே பெருகுபவை. முதல் நாளே மீன்களை நிரப்பினால் அவை அக்காலம் முழுதும் அம்மோனியாவிலும் நைட்ரைட்டிலும் நீந்தவேண்டியிருக்கும். இறுதியில் எஞ்சும் நைட்ரேட்டை அகற்ற வடிகட்டியால் இயலாது. அதற்குப் பகுதி நீர்மாற்றமே வழி.

மின்தடை நேரும் ஊர்களில் இன்னொன்றும் கருதத்தக்கது. மூடிய பெட்டிக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் நீரின் ஆக்சிஜன் தீர்ந்து உயிர்கள் நலிகின்றன. மின்சாரம் திரும்பியதும் அந்தக் கெட்ட நீர் தொட்டிக்குள் பாய்கிறது. தொட்டி நீரிலேயே திறந்து நிற்கும் ஸ்பாஞ்சுக்கு இந்த இடர் குறைவு.

தெளிவு, தூய்மை, உயிர்வாழ்தகுதி ஆகிய மூன்றும் ஒன்றே என்ற கருத்து எளிதில் விலகுவதில்லை. இன்றும் கடைகளில் வடிகட்டி பெரும்பாலும் நீரைக் கண்ணாடிபோல் ஆக்கும் கருவியாகவே விற்கப்படுகிறது. நன்கு முதிர்ந்த ஸ்பாஞ்சோ பழுப்பு நிறமாக, தொட்டால் வழவழப்பாக இருக்கும். அதைக் கண்டு அருவருத்துக் குழாயடிக்கு எடுத்துச் செல்பவர், ஷ்லோசிங்கின் இருபது நாள்களை மீண்டும் முதலிலிருந்து தொடங்கிவைக்கிறார். இம்முறை குழாயினுள் மீன்களும் இருக்கின்றன.