முதலாளி அடித்த காசு

சீமான்களின் மடியிலே தங்கக் கினி. கூலி தரவோ சில்லறை இல்லை! 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டன் இருந்த நிலை இது. 1775-க்குப் பின் அரச நாணயச்சாலை செப்புக்காசு அடிப்பதை நிறுத்திற்று. தங்கத்தைப் பேணிய அரசு செம்பை மறந்தது. கடைவீதியைக் கள்ளக்காசு ஆண்டது. கடைக்காரன் அதை வாங்க மறுத்தால் இழப்பு யாருக்கு? கூலிக்கு அதைப் பெற்றவனுக்கன்றோ!

1787-இல், வேல்சு நாட்டு ஆங்கில்சீ தீவின் பாரிஸ் மலைச் சுரங்கக் குழுமம் தன் செம்பிலேயே பென்னி அடித்தது. முகப்பில் மன்னன் இல்லை. தாடி வைத்த பண்டைப் பூசாரியின் தலை. கொணர்ந்தால் பணம் தருவோம் என்ற உறுதிமொழியும் உண்டு. எடையோ ஏறத்தாழ ஓர் அவுன்சு. மக்கள் நம்பினர்.

அதே ஆண்டில் இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்சனும் காசு வெளியிட்டார். ஒருபுறம் அவர் முகம், பெயர். மறுபுறம் உலைக்களத்தில் பாடுபடும் தொழிலாளி. அவனுக்குப் பெயர் பொறிக்கப்படவில்லை!

1797-இல்தான் அரசு விழித்தது. மாத்யூ போல்டனின் நீராவிப் பொறிகள் பர்மிங்காமில் அரசுக்குப் பென்னி அடித்தன. போதவில்லை, 1811-இல் தனியார் காசு மீண்டும் பெருகிற்று. 1817-இல் நாடாளுமன்றம் அதற்குத் தடை விதித்தது. வெளியிட்டவனைத் தேடிச்சென்று மாற்றிக்கொள்ளும் வேலை, காசை வைத்திருந்தவன் தலையிலேதான் விழுந்தது.