கோத்தோ காடாங்

கோத்தோ காடாங் இந்தோனேசியாவின் மேற்குச் சுமாத்ரா மாநிலத்தில், அகாம் மாவட்டத்தைச் சேர்ந்த சிற்றூர். மினாங்கபாவ் மக்களின் மரபுவழி ஊராட்சி அலகான ‘நாகரி’களில் ஒன்று. புக்கித்திங்கி நகருக்குத் தென்மேற்கே, சியானோக் பள்ளத்தாக்கின் மறுகரையில் அமைந்துள்ளது. வெள்ளிக் கம்பி வேலைப்பாட்டுக்கும் பூந்தையலுக்கும் பெயர்பெற்றது. 20ஆம் நூற்றாண்டு இந்தோனேசியாவின் அரசியலிலும் இதழியலிலும் முன்னின்ற பலர் இவ்வூரையோ இவ்வூர்க் குடும்பங்களையோ சேர்ந்தவர்கள்.

அமைவிடமும் நிலமும்

ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், சிங்காலாங் மலையின் (2,877 மீ.) வடக்கு அடிவாரத்தில் உள்ளது. சிங்காலாங் நெடுங்காலமாக ஓய்ந்திருக்கும் எரிமலை. தென்கிழக்கே நிற்கும் மராப்பி (2,891 மீ.) இன்றும் சீறுவது. 2023 டிசம்பரில் அது வெடித்தபோது மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எரிமலைச் சாம்பலால் வளம்பெற்ற மண்ணும் மலையோடைகளும் இப்பகுதியில் நெல் வேளாண்மைக்கு ஆதாரம். வயல்கள் சரிவுகளில் படிப்படியாக அமைந்துள்ளன.

சியானோக் பள்ளத்தாக்கு சுமார் 100 மீட்டர் ஆழமும் 15 கிலோமீட்டர் நீளமும் கொண்டது. மேற்கே மனின்ஜாவ் எரிமலை பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் கக்கிய சாம்பல் இறுகி மென்பாறையானது. அதை ஆறு அரித்ததால் செங்குத்தான வெளிர்நிறச் சுவர்கள் உருவாயின. சுமாத்ராவின் நீளவாக்கில் ஓடும் பெரும் நிலப்பிளவும் இவ்வழியே செல்கிறது. 1926இலும் 2007 மார்ச்சிலும் ஏற்பட்ட நிலநடுக்கங்கள் இம்மேட்டுநிலத்தில் பலத்த சேதம் விளைத்தன. பள்ளத்தாக்கின் விளிம்பு இப்போதும் அவ்வப்போது சரிகிறது.

குடியும் சொத்தும்

மினாங்கபாவ் மக்கள் இசுலாமியர். ஆனால் குலம் தாய்வழியில் வருகிறது. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். மூதாதையர் விட்டுச்சென்ற வீடும் வயலும் குலத்தின் பொதுச் சொத்து. அவை தாயிடமிருந்து மகளிடம் செல்லும். அவற்றைப் பேணுவதும் மருமக்களின் நலம் கவனிப்பதும் தாய்மாமனின் பொறுப்பு. குலத் தலைவர் ‘டத்தோ’ எனும் பட்டம் தாங்குவார். அப்பட்டமும் தாய்வழியிலேயே இறங்கும். ஒருவர் தம் உழைப்பால் ஈட்டியதை இசுலாமிய முறைப்படி பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம்.

திருமணத்துக்குப் பின் கணவன் மனைவி வீட்டுக்குச் செல்வான். அங்கே அவன் மதிப்புக்குரிய விருந்தாளி, உரிமையாளன் அல்லன். பருவம் எய்தும் பையன்கள் முன்பெல்லாம் தாய்வீட்டில் உறங்குவதில்லை. ‘சூராவ்’ எனும் தொழுகைக்கூடத்தில் தங்கி மறைநூலும் சிலாட் தற்காப்புக் கலையும் கற்றனர். ஊரில் தனக்கென வீடோ நிலமோ இல்லாத இளைஞன் பொருளும் கல்வியும் தேடி வெளியூர் செல்வதை இச்சமூகம் ‘மெரான்தாவ்’ என்று அழைத்து, ஆண்மகனின் கடமையாகவே கருதியது.

கோத்தோ காடாங் நீண்ட காலம் ஊருக்குள்ளேயே மணவுறவு கொள்வதில் கண்டிப்பாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியாரை மணந்த பெண்ணை ஊர்விலக்கம் செய்ததும் உண்டு. இக்கட்டுப்பாடு பின்னர் தளர்ந்தது.

கல்வியும் வெளியேற்றமும்

இசுலாமியச் சீர்திருத்தக் குழுவினரான பாத்ரிகளின் போரின்போது (1821–1837 காலகட்டத்தில் டச்சுக்காரர் இதில் ஈடுபட்டனர்) புக்கித்திங்கியில் டச்சுக் கோட்டை எழுந்தது. 1847இல் மேற்குச் சுமாத்ராவில் கட்டாயக் காப்பிச் சாகுபடி நடைமுறைக்கு வந்தது. காப்பிக் கிடங்குகளுக்குக் கணக்கர்களும் எழுத்தர்களும் தேவைப்பட்டனர். கோட்டைக்கு எதிர்க்கரையிலேயே இருந்த கோத்தோ காடாங் குடும்பங்கள் இவ்வாய்ப்பை முந்திப் பற்றிக்கொண்டன. 1856இல் புக்கித்திங்கியில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் இவ்வூர் இளைஞர் சேர்ந்தனர். வணிகத்துக்காகப் புறப்படுவதே பிற நாகரிகளில் பெருவழக்காக இருக்க, இங்கே அரசுப் பணியும் உயர்கல்வியும் வெளியேறும் வழியாயின.

ஊரின் பொதுத் தோற்றத்திலும் இந்த அரசுப் பணி வழக்கத்தின் தடம் தெரிகிறது. எருமைக்கொம்புபோல் வளைந்த கூரையுள்ள பெருவீடுகள் இங்கு குறைவு. சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த சன்னல்களும் துத்தநாகத் தகட்டுக் கூரையும் கொண்ட குடியேற்றக் கால வீடுகளே தெருவெங்கும் நிற்கின்றன.

குறிப்பிடத்தக்கோர்

ஹாஜி அகுஸ் சாலிம் (1884–1954) இவ்வூரில் பிறந்தவர். சரேகத் இஸ்லாம் இயக்கத்தின் தலைவர்களில் ஒருவரான அவர், 1947 முதல் 1949 வரை வெளியுறவு அமைச்சராக இருந்தார். நாட்டின் முதல் பிரதமரான சுத்தான் ஷாரீர் (1909–1966) பாடாங் பாஞ்சாங்கில் பிறந்தாலும் குடும்ப வேர் கோத்தோ காடாங்கே. காலனிய மக்கள் அவையில் டச்சு மொழியைத் தவிர்த்து மலாயிலேயே உரையாற்றிய யாஹ்யா டத்தோ காயோவும் இவ்வூர்க்காரர்.

ரொஹானா குதுஸ் (1884–1972) ஷாரீரின் அக்கா; இருவருக்கும் தந்தை ஒருவரே, தாய் வேறு. பள்ளிக்குச் செல்லாமல் தந்தையிடமே எழுதப் படிக்கக் கற்றார். 1911இல் ‘கெராஜினான் அமாய் செத்தியா’ என்ற பெண்கள் பள்ளியைத் தம் ஊரில் நிறுவினார். எழுத்து, கணக்கு, சமயம் ஆகியவற்றோடு தையலும் கைவேலையும் அங்கே கற்பிக்கப்பட்டன. மாணவியர் செய்த பொருள்களின் விற்பனையையும் அமைப்பே கவனித்தது. ஊருக்குள் எதிர்ப்பு இருந்தது. ஆயினும் 1912இல் பெண்களுக்கான ‘சுந்திங் மெலாயு’ இதழையும் அவர் தொடங்கினார். 2019இல் இந்தோனேசிய அரசு அவரைத் தேசிய வீராங்கனையாக அறிவித்தது.

கைவினையும் உணவும்

மெல்லிய கம்பியாக இழுத்த வெள்ளியை முறுக்கி, வளைத்து, பற்றவைத்து அணிகலன்களும் சிறு உருவங்களும் செய்வது இவ்வூரின் தனித்தொழில். பட்டறைகள் பெரும்பாலும் வீட்டோடு சேர்ந்தவை. பூந்தையல் இட்ட தோள்துணியும் மரக் கதிர்களில் நூல் சுற்றிப் பின்னும் லேஸ் வேலையும் பெண்களின் கைவேலை. பிற மினாங்கபாவ் மணப்பெண்கள் பலர் கனத்த உலோகத் தலையணி சூட, கோத்தோ காடாங் மணப்பெண் பொன்னிழை வேலை செய்த வெல்வெட் முக்காடு அணிகிறார்.

உணவில் பச்சைமிளகாய் வாத்துக்கறி புகழ்பெற்றது. வாத்தைத் தீயில் வாட்டி, அரைத்த பச்சைமிளகாயுடன் விறகடுப்பில் நெடுநேரம் வேகவைப்பர். சியானோக் பள்ளத்தாக்கின் உணவகங்கள் இதைப் பரவலாக்கின.

ஆட்சியும் இன்றைய நிலையும்

1979ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் நாடு முழுவதும் ஒரே வடிவிலான கிராம அமைப்பைத் திணித்ததால், 1983 முதல் நாகரிகள் நிர்வாக அலகுகளாக இல்லாமல் போயின. அதிபர் சுகார்த்தோவின் ஆட்சிக்குப் பின் 2000இல் மாநில விதி ஒன்று அவற்றை மீட்டது. வழக்காறு சார்ந்த சிக்கல்களைக் குலத் தலைவர்களின் அவை தீர்க்கிறது.

வெளியேறியவர்களில் பலர் திரும்பவில்லை. நகரங்களில் பிறந்த அடுத்த தலைமுறைப் பெண்களும் அங்கேயே தங்கிவிட்டதால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குலச் சொத்தை விற்க வழக்காறு எளிதில் இடம் தருவதில்லை. எனவே அவற்றை உறவினர் பராமரிக்கின்றனர். 2013இல் பள்ளத்தாக்கின் குறுக்கே மதிற்சுவர் வடிவில் கட்டிய படிப்பாதை, முன்பு சந்தைக்கு நடந்த ஒற்றையடிப் பாதையின் இடத்தைப் பிடித்தது. அமாய் செத்தியா கட்டிடம் கைவினை விற்பனையகமாகத் தொடர்கிறது. வெள்ளிப் பட்டறைகளின் வருவாயும் பயணிகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது.