கோவாவின் ஜின்னும் ஃபெனியும்: எது உள்ளூர், எது அயல்?

2017ஆம் ஆண்டு கோவாவில் வடிக்கப்பட்ட 'கிரேட்டர் தான்' என்னும் ஜின் விற்பனைக்கு வந்தது. சிறிய செப்பு வாலைகளில், சிறு சிறு அளவுகளாக வடிக்கப்படும் இந்திய ஜின்களின் தொடக்கமாக அது பொதுவாகக் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டே 'ஹபுஸா', 'ஸ்ட்ரேஞ்சர் அண்ட் சன்ஸ்' ஆகியவை வந்தன. பின்னர் சிரபுஞ்சியின் பெயரையே சூடிக்கொண்ட ஜின்னும் வந்தது. தம் மண்ணின் மணத்தைப் புட்டியில் அடைத்துத் தருவதாகச் சொல்வதே இவ்வகை ஜின்களின் பொதுப்பண்பு. மலைச் சாரலின் மிளகு, இமயத்து ஜூனிப்பர், எலுமிச்சைத் தோல், மழைநீர் என ஒவ்வொன்றும் ஓர் ஊரைச் சுட்டுகிறது.

ஆனால் கலால் துறையின் ஏட்டில் இவற்றின் பெயர் வேறு. விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றோடு ஜின்னும் 'இந்தியாவில் தயாரிக்கப்படும் அயல்நாட்டு மதுவகை' என்னும் வகைப்பாட்டில் அடங்கும். அதே கோவாவில், அங்கேயே விளையும் முந்திரிப்பழத்தின் சாற்றிலிருந்து வடிக்கப்படும் ஃபெனியோ 2016 வரை 'நாட்டுச் சாராயம்' என்றே வகைப்படுத்தப்பட்டிருந்தது. உள்ளூரைப் பாடும் பானம் அயல்நாட்டு மதுவாக நாடெங்கும் செல்ல, உள்ளூரிலேயே பிறந்த பானம் மாநில எல்லைக்குள் முடங்கியது. இம்முரண் தற்செயலாகத் தோன்றியதன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு உண்டு.

முதலில் ஜின்னுக்கும் ஊருக்கும் உள்ள உறவைக் காண்போம். நெதர்லாந்துப் பகுதியின் ஜெனிவர் என்னும் பானத்திலிருந்து கிளைத்தது ஜின். 1830ஆம் ஆண்டளவில் ஈனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர் வாலை, மூலப்பொருளின் மணமோ சுவையோ எஞ்சாத தூய எரிசாராயத்தை மலிவாக்கியது. அதன்பின் ஜின்னின் உடல் எங்கிருந்தும் வரலாம் என்றாயிற்று. ஜூனிப்பரும் பிற நறுமணப் பொருள்களும் சேர்த்து மீண்டும் வடிக்கும் கடைசிக் கட்டத்தில்தான் அதற்குத் தனித்தன்மை பிறக்கிறது. 'லண்டன் டிரை' என்பதும் ஒரு செய்முறையின் பெயரே. அதை எந்த ஊரிலும் வடிக்கலாம். பிளிமத் என்னும் ஊரின் பெயரிலான ஜின்னுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த புவிசார் காப்பும் 2015இல் கைவிடப்பட்டது. 2009இல் லண்டனில் 'சிப்ஸ்மித்' நிறுவனம் சிறு வாலைக்கு உரிமம் பெற்றபின், பிரித்தானியச் சிற்றூர்கள் பலவும் தத்தம் பெயரில் ஜின் வடிக்கத் தொடங்கின. இந்தியாவில் 2017க்குப் பின் எழுந்த அலை இதன் தொடர்ச்சியே.

ஃபெனியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி, கொங்கணக் குன்றுகளில் வேரூன்றியது. மார்ச் முதல் மே வரை மரத்திலிருந்து தானாக உதிரும் பழங்களைப் பொறுக்கி, மிதித்துச் சாறெடுத்து, இயற்கையாகப் புளிக்கவிட்டு, 'பட்டி' எனப்படும் சிறு வடிப்புக்கூடங்களில் விறகடுப்பின்மீது வடிக்கின்றனர். முதல் வடிப்பு உர்ராக். அதை மீண்டும் வடித்தால் ஃபெனி. பழம் வேறு நிலத்தினதாயின் ஃபெனி இல்லை. பருவம் தவறினாலும் இல்லை. 'சிறு அளவில் வடித்தது' என்னும் சொல் விளம்பரத்துக்கு வரும் முன்னரே பட்டிகள் அப்படித்தான் வடித்துவந்தன.

இத்தகைய சிறு வாலைகளை ஐயத்துக்குரியவையாக்கியது காலனிய அப்காரி ஆட்சி. 1878ஆம் ஆண்டின் பம்பாய் அப்காரிச் சட்டம், கிராமத்து வடிப்பை ஒடுக்கி, அரசு கண்காணிக்கும் மைய வடிசாலைகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் உற்பத்தியை மாற்றியது. கள் இறக்கும் மரங்களுக்கு வரி உயர்ந்தது. 1892இல் தாணா, கொலாபா மாவட்டங்களில் இலுப்பை இனத்து மகுவா மலர்களைச் சேகரிப்பதே சட்டத்தால் கட்டுப்படுத்தப்பட்டது. தென் குஜராத்தை முன்வைத்து டேவிட் ஹார்டிமன் காட்டியதுபோல், பழங்குடிகளின் வழக்கமாயிருந்தது இவ்வாறு குற்றமாக மாறியது. ஐரோப்பியர் அருந்திய மதுவும் குடிகள் அருந்திய மதுவும் வெவ்வேறு உரிமங்களின் கீழ், வெவ்வேறு கடைகளில் விற்கப்பட்டன. 'நாட்டு', 'அயல்நாட்டு' என்னும் சொற்கள் பிறப்பிடத்தைக் குறிப்பதினும் குடிப்போரின் தகுதியையே குறித்தன.

போர்த்துகீசிய ஆட்சியிலிருந்த கோவாவும் இதற்கு முற்றிலும் தப்பவில்லை. 1878இல் கையெழுத்தான ஆங்கிலோ-போர்த்துகீசிய உடன்படிக்கை, சுங்கத்தில் இரு ஆட்சிப்பகுதிகளையும் இணைத்ததோடு, பிரித்தானிய இந்தியாவின் உப்பு, அப்காரி நடைமுறைகளையும் கோவாவுக்குள் கொண்டுவந்தது. 1892இல் உடன்படிக்கை முடிவுற்றது. எனினும் கோவாவின் சாராயம் எல்லைக்கு அப்பால் வரவேற்பற்ற சரக்காகவே நீடித்தது.

விடுதலைக்குப் பின் ஆட்சி மாறியது, ஏடு மாறவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, மதுவையும் அதன்மீதான கலால் வரியையும் மாநிலங்களிடம் ஒப்படைத்தது. ஒவ்வொரு மாநிலமும் பழைய வகைப்பாட்டைப் பெரிதும் அப்படியே எடுத்துக்கொண்டது. அயல்நாட்டு வகை என்றால் பிற மாநிலத்திலும் பதிவுசெய்து விற்கலாம். நாட்டுச் சாராயம் என்றால் வாயில் பெரும்பாலும் அடைப்பு. 2009இல் கோவா முந்திரி ஃபெனி புவிசார் குறியீடு பெற்றது. 2016இல் கோவா அரசு அதை நாட்டுச் சாராயப் பட்டியலிலிருந்து விடுவித்து, மரபு மதுவாக அறிவித்தது. ஆயினும் ஒரு மாநிலம் தரும் மரபுத் தகுதியைப் பிற மாநிலங்கள் ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இப்பின்னணியில் பார்த்தால், சிறு ஜின் வடிப்போர் கோவாவைத் தேர்ந்ததன் பொருளியல் விளங்கும். அங்கே கலால் வரி குறைவு. உரிம நடைமுறை எளிது. சுற்றுலாப் பயணிகளின் சந்தை அருகிலேயே உண்டு. எரிசாராயத்தை எம்மாதமும் வாங்கலாம்; விஸ்கியைப்போல ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் காத்திருக்கவும் தேவையில்லை. ஊர்ப்பெயருக்கும் வடிக்கும் இடத்துக்கும் தொடர்பு இருக்கவேண்டும் என்பதுமில்லை. 2018இல் வெளிவந்த 'ஜெய்சல்மேர்' ஜின் ராஜஸ்தானத்துப் பாலைநகரின் பெயரைத் தாங்கினாலும், வடிக்கப்படுவது உத்தரப் பிரதேசத்து ராம்பூரில். சட்டப்படி இதில் குறையேதுமில்லை. ஊர் இங்கே நினைவாகவும் மணமாகவும் இருந்தால் போதும்.

ஃபெனி வடிப்போருக்கோ ஊர் என்பது நிலம், கூலி, பருவமழை. அரசு ஆண்டுதோறும் ஏலம் விடும் முந்திரி வட்டாரங்களுள் ஒன்றை எடுத்தால்தான் அவர்களது அடுப்பு எரியும். மழை முந்தினால் அவ்வாண்டுப் பிழைப்பே போயிற்று. இவ்விடர்களை ஏற்பவரின் பொருள் தாழ்ந்தது எனவும், வாங்கிய எரிசாராயத்துக்கு மணமூட்டுபவரின் பொருள் உயர்ந்தது எனவும் சட்டம் நெடுங்காலம் வகுத்துவந்தது.

சிறு ஜின்களின் வருகையைக் குறைகூற வேண்டியதில்லை. இந்திய மண்ணின் மணத்துக்கு உயர்ந்த விலை உண்டு என்பதை அவை மெய்ப்பித்துள்ளன. மத்தியப் பிரதேசம் மகுவாவை மரபு மதுவாக ஏற்றதும் அம்மதிப்பு மாற்றத்தின் அடையாளமே. எனினும், மணத்துக்குக் கிடைத்த மதிப்பு அதை வடித்த கைகளுக்கும் கிடைக்கவேண்டுமாயின், மாநிலங்களின் கலால் ஏடுகளில் 'நாட்டு' என்னும் சொல்லின் பொருள் திருத்தப்பட வேண்டும். ஒரு பானம் எங்கே பிறந்தது என்பதைவிட, யார் குடித்தார்கள் என்பதைக் கொண்டே அதைத் தரம்பிரித்த அப்காரி மனப்பான்மை, அச்சொல்லுக்குள் இன்னும் குடியிருக்கிறது.