பெருங்குடல் அகநோக்கல்

(கொலோனோஸ்கோப்பி) வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, சிறுகுடல் வந்து சேரும் முனை வரை பெருங்குடலின் உட்சுவரை நேரில் பார்க்கும் பரிசோதனை. கருவியின் நுனியில் கேமராவும் விளக்கும் உண்டு. காற்றும் நீரும் இடுக்கியும் செல்லத் தனி வழிகள் உள்ளன. இடப்பக்கக் குடலை மட்டும் பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப் ஏறத்தாழ 60 செ.மீ. நீளமே.

கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று இயற்பியலாளர்கள் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் 1954இல் லண்டனில் காட்டினர். அத்தகைய இழைக் கற்றையால் உருவான அகநோக்கியைக் கொண்டு நியூயார்க்கில் மருத்துவர்கள் ஷின்யாவும் உல்ஃபும் 1969இல் வயிற்றைத் திறக்காமலே குடல் கட்டிகளை அகற்றத் தொடங்கினர்.

நோயாளிகள் அஞ்சுவது குழாயை. பாடுபடுத்துவதோ முந்தைய இரவின் பேதி மருந்து. குடல் சுத்தமாக இல்லையென்றால் சிறு கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே முதல் நாளிலிருந்தே கீரை, கொய்யா, பால், பால்கோவா எல்லாம் விலக்கு. பால்கோவாவுக்குப் பேர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குக் கடைசியது சற்றுக் கடினம்தான். இளநீர், பாலில்லாத தேநீர் போன்ற தெளிந்த பானங்கள் குடிக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுவோரும் இன்சுலின் போடுவோரும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தார் இதுபோன்ற அரசு உயர்சிகிச்சைக்கு மதுரை இராசாசி மருத்துவமனையையே நாடிவந்தனர். அவர்களின் மாவட்டத்திலேயே, விருதுநகரில், அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது.

இந்தியாவில் இப்பரிசோதனைக்குத் தனிப்பயன் ஒன்றுண்டு. குடல் காசநோயும் குரோன் நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே புண்களாகத் தோன்றும். குரோன் நோய்க்குரிய மருந்து காசநோயை மோசமாக்கலாம். எனவே இடுக்கியால் திசு எடுத்துச் சோதித்த பிறகே சிகிச்சை முடிவாகும். குடலில் ஓட்டை விழுவதும் இரத்தக்கசிவும் அரிதாக நேரும் சிக்கல்கள்.